கட்டையில் இல்லாத சுருதி

என் வயலின் வாத்தியாருக்குப் பேச்சு போனது 1998ஆம் வருஷம் ஆடி மாதத்தில். பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே வாய்ப்பேச்சு. அறுபது வருஷம் வில் பிடித்த கை மடியில் அசையாமல் கிடந்தது. மனைவி முன்னமே காலமாகிவிட்டார். இரண்டு மகன்களும் வெளியூரில் வேலை. மாற்றி மாற்றி லீவு போட்டுப் பார்த்தார்கள், ஆள் வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் திருச்சியிலிருந்து மணப்பாறை போகும் வழியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்க எத்தனை பேர் வேண்டும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

நான் அப்போது தபால் நிலையத்தில் கவுண்ட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சி வானொலியில் பி கிரேடு கலைஞர். மாதம் இரண்டு மூன்று கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிப்பேன். முதல் தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். "தா... தா..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று எனக்குப் புரியவே கால் மணி ஆயிற்று. டம்ளரை நீட்டியபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. தாகத்தைவிட, கேட்க முடியாமல் போனதுதான் அவரை அழவைத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கவில்லை, வயலினை எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, என்ன வாசிப்பதென்று தெரியாமல், அவர் எனக்கு ஏழு வயதில் சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. இரண்டாவது வரிசையில் அவர் பாடினார். தெளிவாக, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உரிய எழுத்தோடு பாடினார். தண்ணீர் என்று சொல்ல முடியாத வாய், ரி என்றது, க என்றது, ம என்றது. வில் பிடித்த வலது கைதான் போயிருந்தது. தந்தியில் ஓடும் இடது கை விரல்கள் போர்வையின் மேல் அந்த ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருந்தன. நான் தவறவிட்ட ஒரு கமகத்தை அந்த விரல் அசைத்துக் காட்டியது. நான் திரும்ப வாசித்தேன்.

இதன் காரணத்தைப் பின்னால் ஒரு நரம்பியல் டாக்டர் விளக்கினார். பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதியில் இருக்கிறது. பாட்டுக்கு வலது பாதியும் துணை வருகிறது. இடது பக்கம் சேதமானாலும் பாட்டு தப்பிப் பிழைப்பது உண்டாம். பாடவைத்தே பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு முறையை 1973இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இடது கையால் தட்டிக்கொண்டே இரண்டு மூன்று ஸ்வரங்களில் சொற்களை இழுத்துப் பாடவைப்பார்களாம். எனக்கு அது எதுவும் அன்று தெரியாது. ஆனாலும் தை மாதத்துக்குள் வாத்தியார் "தண்ணி" என்பதை இரண்டு ஸ்வரத்தில் பாடக் கற்றுக்கொண்டார். ஆயாவுக்கு அது புரிந்தது. அதற்கப்புறம் "போதும்", "வலிக்குது". அவ்வளவுதான் வந்தது. இரண்டு வருஷம் இருந்தார்.

வாத்தியார் இருந்த அறையில் மொத்தம் ஆறு கட்டில்கள். வெளியே நீளமான ஹால், அதில் நாள் முழுக்க ஓடும் ஒரு டிவி. யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், யாரும் பார்ப்பதில்லை என்றுதான் சொல்லவேண்டும். டெட்டால் வாசனையும் காலையில் தாளித்த சாம்பார் வாசனையும் கலந்து நிற்கும். மூன்றாவது ஞாயிறு நான் வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். அடுத்த வாரம் வார்டனே ஹாலில் ஒரு பாயைப் போட்டு, "எல்லாருக்கும் கேட்கிறாப்ல வாசிங்கம்மா" என்றார். டிவியை அணைத்தார்கள். நாற்பது பேர் இருக்கும்.

நான் செய்த தவறை இங்கே சொல்லவேண்டும். நான் கச்சேரி வாசித்தேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த வழியில் வர்ணம், பிறகு விநாயகர் மேல் ஒரு கீர்த்தனை, பிறகு கல்யாணியில் ஆலாபனை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது அது. கடைசியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு பழைய பக்திப் பாட்டை எடுத்தேன். நான்கு பாட்டிகள் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். அனுபல்லவியில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் முழங்காலைத் தட்டி, "கண்ணு, அவ்வளவு ஒசரத்துக்கு எங்களுக்கு எட்டாது. கொஞ்சம் கீழ இறங்கி வா" என்றார்.

சுருதியை நாங்கள் ஹார்மோனியக் கட்டையை வைத்துச் சொல்வோம். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த கறுப்பு ஒன்றரை, இப்படி. மேடையில் பெண்கள் பாடுவது பொதுவாக ஐந்து, ஐந்தரை. பழக்க தோஷத்தில் என் சுருதிப் பெட்டி ஐந்தரையில் இருந்தது. வயதானால் பெண்களின் குரல் தடித்துக் கீழே இறங்கிவிடும். அந்தப் பாட்டிகளுக்கு வசதியான இடம் மூன்று கட்டை. பிரடையை முறுக்கித் தந்திகளைத் தளர்த்தினேன். தளர்ந்த தந்தி உடனே நிலைக்கு வராது. மறுபடி மறுபடி சேர்க்கவேண்டும். நாதமும் கொஞ்சம் மங்கும். ஐந்து நிமிஷம் எல்லாரும் காத்திருந்தார்கள். திரும்ப அதே பாட்டு. இந்தத் தடவை அனுபல்லவியில் இருபது குரல்களாவது இருந்திருக்கும்.

நான் பிறகு தெரிந்துகொண்ட எல்லாம் அந்தப் பிரடை முறுக்கலிலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பக்கவாத்தியக்காரியின் வேலை என்ன? பாடுகிறவர் எந்தக் கட்டையில் இருக்கிறாரோ அங்கே போவது. அவர் இழுத்தால் இழுப்பது, மூச்சு வாங்க நின்றால் நிற்பது, அடி மறந்தால் அந்த இடத்தை நிரப்பி அவருக்கு நேரம் கொடுப்பது. இருபது வருஷம் மேடையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இல்லத்துக்குள் நுழைந்ததும் மட்டும் எப்படியோ அதை மறந்து, நான் வித்வானாகவும் அவர்கள் சபையாகவும் ஆகிவிட்டோம். அன்றிலிருந்து அவர்களை மெயின் ஆர்ட்டிஸ்டாக வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. என் ஆபீஸில் பாடத் தெரிந்த ஒருவர், பக்கத்துத் தெருவில் மிருதங்கம் பழகும் ஒரு பையன், கஞ்சிரா வாசிக்கும் அவன் நண்பன் என்று சேர்ந்துகொண்டார்கள். பெயர்ப்பலகை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இல்லத்தாரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை, காபி மட்டும் குடிப்போம்.

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அங்கே இருந்தார். சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார். யாரோடும் பேசுவதில்லை. டிவியில் பழைய பாட்டு ஓடினாலும் திரும்ப மாட்டார். ஒருநாள் தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் படப் பாட்டை வாசித்தேன், சாருகேசியில் இருக்கிறதே, அது. 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். கணக்குப் பார்த்தால் அந்தத் தீபாவளிக்கு இவருக்குப் பதினேழு வயது இருந்திருக்கும். சரணத்தில் நான் ஒரு சங்கதியைக் கூட்டிப் போட்டேன். சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "அந்த எடத்துல பாகவதர் அப்படிப் போகமாட்டாரும்மா."

ஆயா கையில் இருந்த பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "எப்படிப் போவார்னு சொல்லுங்க ஐயா" என்றேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. பிறகு வாரா வாரம் என்னைத் திருத்துவதே அவர் வேலையாயிற்று. டிவியில் வருகிற பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. என்னைத் திருத்தலாம். ஒரு மனிதர் இன்னொருவரைத் திருத்தும் உரிமையை இல்லத்தின் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறது. எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது எல்லாம் மற்றவர் கையில். சாருகேசியில் ஒரு சங்கதி அவர் கையில் இருந்தது.

எல்லா நாளும் இப்படி அமையவில்லை. ஒரு மாலை நான் தாலாட்டு ஒன்றை வாசித்தேன். ஒரு அம்மா எழுந்து நின்று, "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர் என்று பிறகு சொன்னார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய துக்கம் அது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெறும் சட்ஜத்தை மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தேன். அது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. அதற்கப்புறம் தாலாட்டு, ஒப்பாரி, கல்யாணப் பாட்டு மூன்றையும் கேட்டுக்கொண்டுதான் எடுப்போம்.

மறதி நோய் வந்த இன்னொரு அம்மா சாயங்காலம் ஆனால் புடவைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு கேட்டருகே போய் நிற்பார். வீட்டுக்குப் போகவேண்டும், விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்பார். பொழுது சாயும் நேரத்தில் இந்தத் தவிப்பு கூடுவது மறதி நோயில் பரவலாகக் காணப்படுவதுதான். கேட்டருகிலேயே ஸ்டூலைப் போட்டு நீலாம்பரி வாசிப்பேன், மெதுவாக, முடிவே இல்லாமல். சில நாள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்காருவார். சில நாள் உட்கார மாட்டார். உட்கார்ந்த நாட்களில் தலையை ஆட்டிக்கொண்டே எனக்கு முன்னால் அடுத்த பிரயோகத்துக்குப் போய்விடுவார். என் பெயரை ஒருநாளும் நினைவு வைத்துக்கொண்டதில்லை. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 2007இல் எழுதிய மியூசிகோஃபீலியா என்ற புத்தகத்தில் மறதி நோயும் இசையும் பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. என் மகள் அதை வாசித்து எனக்குச் சொன்னபோது, கேட்டருகே போட்ட அந்த ஸ்டூல்தான் கண்முன் வந்தது.

காவிரிக்கு வடக்கே தொழுநோயாளர் இல்லம் ஒன்றுக்கும் போகத் தொடங்கினோம். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் எப்போதோ குணமாகிவிட்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் இது முழுக்கக் குணமாகும் நோய். ஆனால் அதற்கு முன்னாலேயே விரல்களை இழந்தவர்களுக்கு விரல் திரும்பவில்லை, வீடும் திரும்பவில்லை. அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுவிடும் என்று சொல்லி வராமலே இருக்கச் சொன்ன குடும்பங்கள். முப்பது, நாற்பது வருஷமாக அங்கேயே இருப்பவர்கள்.

முதல் நாள் பாட்டு முடிந்ததும் சத்தமே இல்லை. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, கை தட்டக் கை வேண்டுமே. அவர்கள் தரையைக் காலால் தட்டினார்கள், அலுமினியத் தட்டை முட்டியால் தட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் சின்ன வயதில் மார்கழி பஜனை கோஷ்டியில் பாடியவர். ஆதி தாளத்தில் ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணவேண்டும். அவருக்கு விரல்கள் இல்லை. முன்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு முகவாயை மூன்று தரம் லேசாக இறக்கினார். பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டும் பிசகாமல் வந்தன. மிருதங்கப் பையன் என்னைப் பார்க்காமல் அவர் முகவாயைப் பார்த்துத்தான் அன்று வாசித்தான். முடிந்ததும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தன்னைத் தொட்டுவிட்டானே என்று அவர் பதறி இரண்டடி பின்னால் நகர்ந்தது எனக்கு மறக்காது.

கசப்பும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஓர் இல்லத்தில் நன்கொடையாளர் விழா என்று எங்களைக் கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய பிரமுகர் பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரை படுக்கையில் இருக்கவேண்டியவர்களைக்கூட ஷாமியானாவின் கீழ் உட்காரவைத்திருந்தார்கள். சித்திரை வெயில். ஒரு தாத்தா உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டார். போட்டோ எடுத்து முடிக்கும் வரை அவரை நகர்த்தவில்லை. நான் வாசித்தேன். எழுந்து போயிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு விழாக்களுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். கேமரா உள்ளே வரக்கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைக்கக்கூடாது. எழுந்து போகிறவர் போகலாம்.

இதே வேலையை வேறு தேசங்களில் செய்தவர்களைப் பற்றி வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். கலிபோர்னியாவில் மிமி ஃபரீன்யா என்ற நாட்டுப்புறப் பாடகி, பாடகி ஜோன் பயஸின் தங்கை, 1974இல் பிரெட் அண்ட் ரோசஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். மருத்துவமனை, சிறை, முதியோர் இல்லம் என்று அடைபட்டிருப்பவர்களிடம் இலவசமாக நேரடி இசையைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. 2001இல் அவர் இறந்த பிறகும் அது நடக்கிறது. இங்கிலாந்தில் யெஹூதி மெனுஹின் 1977இல் லைவ் மியூசிக் நவ் அமைப்பைத் தொடங்கினார். வயலின்காரர் என்பதால் அவர் கதை என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. 1945 ஜூலையில், பெர்கன்-பெல்சன் நாஜி முகாமிலிருந்து உயிர்பிழைத்தவர்களுக்கு அவர் வாசித்தார், பியானோவில் பெஞ்சமின் பிரிட்டன். உடம்பில் எலும்பு மட்டுமே மிஞ்சியவர்கள் முன்னால் வில்லை எடுக்க எப்படிக் கை வந்திருக்கும் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

மெனுஹினின் அமைப்பில் எனக்குப் பிடித்த இன்னொன்று, வாசிக்கும் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்கிறவருக்கு இலவசம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. வாசிக்கிறவரும் இலவசமாக வரவேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. எனக்குத் தபால் இலாகா சம்பளம் இருந்தது. மிருதங்கப் பையனுக்கு என்ன இருந்தது? மார்கழி சீசனில் சென்னைக்குப் போய், மத்தியான ஸ்லாட்டில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சபாவில் வாசித்துவிட்டு, கைக்காசு போட்டு பஸ் ஏறி வருவான். அதே நேரத்தில் இங்கே நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். நண்பர்களிடம் மாதம் நூறு, இருநூறு என்று வாங்கி அவனுக்கும் மற்றவர்களுக்கும் வழிச்செலவோடு ஒரு தொகை கொடுக்க ஆரம்பித்தோம். அதை வாங்கிக்கொள்ள அவன் வெட்கப்பட்டான். வெட்கப்பட ஒன்றுமில்லை, இதுவும் கச்சேரிதான் என்றேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இல்லங்களின் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். பூட்டியதும் சரிதான், தொற்று உள்ளே போயிருந்தால் அவர்கள்தான் முதலில் போயிருப்பார்கள். போனில் வீடியோவில் வாசித்துப் பார்த்தேன். கேட்பதற்குச் சரி, சேர்ந்து பாட முடியவில்லை. அவர்கள் குரல் எனக்கு வந்து சேர்வதற்குள் நான் அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருப்பேன். நான் நின்றால் அவர்களும் நிற்பார்கள். தாளம் ஒரு அரைக்கணத்தில் உடைந்துவிடுகிறது. பின்தொடர்ந்து போவதே என் தொழில். போனில் பின்தொடர முடியாது என்று அப்போது தெரிந்தது.

ஆவணியில் வார்டன் ஒரு யோசனை சொன்னார். காம்பவுண்டுக்குள், வேப்ப மரத்தடியில் நான். பதினைந்து அடி தள்ளி, கம்பி போட்ட ஜன்னல்களுக்குப் பின்னால் அவர்கள். நான் முகக்கவசத்தோடு வாசித்தேன். காற்று கொஞ்சம் வாங்கியது, ஆனாலும் குரல் வந்தது. கம்பிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டு தாளம் போட்டது. யாருடைய கை என்று பார்த்தேன். கேட்டருகே பையோடு நிற்கும் அந்த அம்மா. அந்த மாசியில் அவர் காலமானார்.

2022இல் மறுபடி உள்ளே போனபோது பாதிக் கட்டில்களில் புது முகங்கள். எனக்கும் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார முடியவில்லை, நாற்காலி கேட்டேன். மூலைக் கட்டிலில் வயல் வேலை செய்து காய்த்த கைகளோடு ஒரு பாட்டி. "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்றார். நடவு நடும்போது பாடுவீர்களே, அது என்றேன். "அதெல்லாம் பாட்டா?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை வாயருகே வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

சுருதிப் பெட்டியை மூன்றில் வைத்தேன், அவர் அதற்கு மேலே இருந்தார். நாலில் வைத்தேன், கீழே இருந்தார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டை கிடையாது. பெட்டியை அணைத்துவிட்டு, அவர் குரலைக் கேட்டுக்கேட்டுப் பிரடையை நகர்த்தினேன். நாலு அடி வந்தது. ஐந்தாவது அடியில் நின்றுவிட்டார். நான் அந்த நாலு அடியையே சுற்றிச்சுற்றி வாசித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்ததும் வாயைத் திறப்பார், சொல் வராது, கையை விரித்துவிடுவார்.

"மறுக்கா எப்ப வருவ?" என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்டி."

"சரி போ. அதுக்குள்ள மிச்சத்த நெனச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உதட்டை அசைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.